ஆர்.வி.-7 விமானத்துக்கு மின்சார ஃபிளாப் கட்டுப்பாடு: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டிப் பறப்பவர்களுள் மிகப் பலர் தேர்ந்தெடுப்பது, ஓரிகன் மாநிலத்து அரோராவில் இயங்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்.வி. வரிசைக் கிட்டுகளை, அதாவது வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்புகளைத்தான். அந்த வரிசையில் இருவர் அருகருகே அமர்ந்து பறக்கும் ஆர்.வி.-7 விமானத்துக்கு, ஃபிளாப்பை, அதாவது மெதுவாகத் தரையிறங்க உதவும்படி இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பகுதியை, நகர்த்தும் மோட்டாரையும் அது இயக்கும் தண்டுகளையும் கிட்டோடு சேர்த்தே வாங்கிவிடலாம். ஆனால் அந்த மோட்டாருக்கு எந்த சுவிட்ச் வழியாக, எத்தனை கருவிகளைக் கடந்து மின்சாரம் போக வேண்டும் என்பதைக் கட்டுபவரேதான் முடிவு செய்ய வேண்டும். சந்தையில் சில டாலருக்குக் கிடைக்கும் டாகிள் (நெம்பு) சுவிட்சும் இருக்கிறது. விமானத்தின் கருவித் திரையோடு பேசி, வேகத்தை அறிந்து, குறித்த கோணத்தில் தானே நிற்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்கிறது. என் விமானத்துக்காக இவற்றுள் முக்கியமானவற்றை மேசைமேல் இணைத்து ஓட்டிப் பார்த்தும், கட்டி முடித்த நண்பர்களின் விமானங்களில் பயன்படுத்திப் பார்த்தும் நான் வந்தடைந்த மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

பொருள்களைப் பார்க்கும் முன், அவை எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. ஆர்.வி.-7இன் ஃபிளாப், இறக்கையின் அடித்தகட்டோடு நீளமான பியானோ கீலால் பிணைக்கப்பட்ட எளிய வகை. விமான உடலின் குறுக்கே ஒரு குழாய்த் தண்டு ஓடுகிறது; அதன் இரு முனைகளிலும் உள்ள கைகள், தள்ளுகோல்கள் வழியாக இரண்டு ஃபிளாப்புகளையும் ஒரே அளவில் ஏற்றி இறக்குகின்றன. இருக்கைகளுக்குப் பின்னே, நடுவில் நிற்கும் ஒரே ஆக்சுவேட்டர் (மோட்டாரும் அது நீட்டிச் சுருக்கும் தண்டும் சேர்ந்த கருவி) அந்தத் தண்டைத் திருப்புகிறது. இந்த அமைப்பின் மிகப் பெரிய பாதுகாப்பு அந்தக் குழாய்த் தண்டுதான். ஒரு பக்கத்து ஃபிளாப் மட்டும் இறங்கி மறுபக்கம் மேலேயே நின்றுவிட்டால் விமானம் உருளத் தொடங்கும். அதை எய்லரானால் (இறக்கை நுனியருகே விமானத்தைச் சாய்க்கும் பலகையால்) எதிர்த்து நிறுத்த முடியாமலும் போகலாம். ஆலையில் செய்யப்படும் சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பின் 23ஆம் பகுதி, 701ஆம் பிரிவில், இரு ஃபிளாப்புகளும் இயந்திர வழியில் இணைந்திருக்க வேண்டும் அல்லது இணையாவிட்டாலும் விமானம் பாதுகாப்பாகப் பறக்கும் என்று மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று நெடுங்காலம் வலியுறுத்தியது இதனால்தான். சொந்தக் கட்டுமான விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது என்றாலும், ஒவ்வோர் இறக்கைக்கும் தனித்தனி மோட்டார் வைத்து மின்னணுப் பெட்டியால் இரண்டையும் ஒத்து ஓடச் செய்யலாம் என்ற யோசனையை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எந்தச் சுவிட்சாலும் அந்தத் தண்டின் வேலையைச் செய்ய முடியாது.

அடுத்தது, எந்தப் பழுது நமக்கு அதிகம் கேடு செய்யும் என்ற கேள்வி. ஃபிளாப் இறங்க மறுத்தால் ஆர்.வி.-7ஐச் சற்று வேகமாக, சற்று நீளமான ஓடுபாதையில் இறக்கிவிடலாம். ஃபிளாப் இல்லாமல் தரையிறங்குவது ஒவ்வொரு விமானியும் பழகி வைத்திருக்க வேண்டிய ஒன்று. இறங்கிய ஃபிளாப் ஏற மறுத்தால் ஏறும் விகிதம் குறையும். தாழ்ந்த உயரத்தில் அது தொல்லைதான், ஆனால் திட்டமிட்டுக் கையாளக்கூடிய தொல்லை. உண்மையான ஆபத்து, விமானி கேட்காமலேயே ஃபிளாப் இறங்குவதில் இருக்கிறது. ஆர்.வி.-7இல் 20 பாகை வரையிலான ஃபிளாப்புக்கு மணிக்கு 110 மைல், 40 பாகை முழு ஃபிளாப்புக்கு மணிக்கு 100 மைல் என்று வேக வரம்பு வைக்கப்படுகிறது. இதே விமானம் சமமட்டத்தில் மணிக்கு 200 மைலை எட்டக்கூடியது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், 100 மைலில் ஃபிளாப் தாங்கும் சுமையைப் போல் நான்கு மடங்கு 200 மைலில் அதன்மேல் விழும். அதற்கடுத்த ஆபத்து, தரைக்கு அருகே, குறைந்த வேகத்தில் இருக்கும்போது ஃபிளாப் முழுவதும் சட்டென ஏறிவிடுவது. ஆகவே ஒரு கட்டுப்பாட்டை எடை போடும்போது, 'இது எத்தனை வசதி தருகிறது' என்பதை இரண்டாவதாகவும், 'இதில் எந்த ஒரு பொருள் கெட்டால் ஃபிளாப் தானே நகரும்' என்பதை முதலாவதாகவும் கேட்கிறேன். கீழே வரும் என் தீர்ப்புகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவையே.

முதலில், எளிமையான பொருள்: நடுவில் நிற்கும், இரு பக்கமும் அழுத்திப் பிடித்தால் மட்டுமே இயங்கி, விட்டதும் நடுவுக்குத் திரும்பும் இருமுனை டாகிள் சுவிட்ச். இதன் பின்புறம் ஆறு முனைகள் இருக்கும். நடுவில் உள்ள இரண்டில் மோட்டாரின் இரு வயர்களும், ஓர் ஓரத்து இரண்டில் பாட்டரியின் நேர்முனையும் தரை இணைப்பும் சேரும். மறு ஓரத்து இரண்டுக்கு அதே இணைப்புகளைக் குறுக்காக மாற்றிக் கொடுத்தால் போதும். மேலே தள்ளினால் மோட்டார் ஒரு திசையில் சுழலும், கீழே தள்ளினால் மறுதிசையில் சுழலும். ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச்) கிடையாது, மின்னணுப் பலகை கிடையாது, நிரல் கிடையாது. இந்தச் சுவிட்சைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது, நடுநிலையில் மோட்டாரின் இரு வயர்களும் எதனோடும் சேராமல் தனித்து நிற்பதுதான். வழியில் எங்கோ ஒரு வயரின் உறை தேய்ந்து, மின்சாரம் உள்ள வேறொரு வயரைத் தொட்டாலும், மறுமுனைக்குத் தரை கிடைக்காததால் மோட்டார் ஓடாது. ஃபிளாப் தானே இறங்க வேண்டுமானால் இரண்டு தனித்தனிப் பழுதுகள் ஒரே நேரத்தில் நேர வேண்டும். இத்தனை மலிவான ஒரு பொருள் இவ்வளவு உறுதியைத் தருவது அரிது.

ஆனால் எந்த டாகிள் சுவிட்சையும் வாங்கிவிடலாம் என்று பொருளில்லை. மின்கடையில் கிடைக்கும் சிறு சுவிட்சுகளின் பக்கவாட்டில் '10 ஆம்பியர், 250 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கும். அது மாறுமின்சாரத்துக்கான அளவு. மாறுமின்சாரம் நொடிக்குப் பல முறை சுழியத்தைத் தொடுவதால், தொடுமுனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிடுகிறது. விமானத்தின் நேர்மின்சாரத்தில் அந்த ஓய்வு கிடையாது. அதிலும் மோட்டார் போன்ற சுருள் உள்ள சுமையைத் துண்டிக்கும்போது பொறி நீண்டு, தொடுமுனைகளை அரிக்கும். ஆகவே நேர்மின்சாரத்துக்கும், மோட்டார் அல்லது சுருள் சுமைக்கும் தனியாக எவ்வளவு என்று தயாரிப்பாளர் தரவுத்தாளில் குறித்திருக்கும் சுவிட்சையே வாங்க வேண்டும். ஹனிவெல், கார்லிங் ஆகிய நிறுவனங்களின் முழு அளவு டாகிள் சுவிட்சுகளுக்கு இந்த விவரங்கள் தெளிவாகக் கிடைக்கின்றன. கையில் எடுத்துத் தள்ளிப் பார்த்தாலே தரம் ஓரளவு தெரிந்துவிடும்: நல்ல சுவிட்சில் பாதி வழியில் ஒரு தடை தோன்றி, அதைக் கடந்ததும் நெம்பு விரலை இழுத்துக்கொண்டு போய் அமரும், விட்டதும் ஒரே சொடுக்கில் நடுவுக்கு வரும். பாதி வழியில் நிறுத்தி வைக்க முடிகிற சுவிட்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஃபிளாப்புக்கு வேண்டாம்.

இந்த ஏற்பாட்டின் குறை, ஃபிளாப் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சுவிட்ச் சொல்லாது என்பது. ஆனால் ஆர்.வி.-7 தாழ்விறக்கை விமானம். தலையைத் திருப்பினால் ஃபிளாப் கண்ணுக்கு நேரே இருக்கிறது. ஃபிளாப் இறங்கும்போது இறக்கைத் தோலுக்கு அடியிலிருந்து வெளிப்படும் அதன் மேற்பரப்பில், பாகைமானியால் 20 பாகையை அளந்து ஒரு கோடு வரைந்துவிட்டால், கோடு தெரிந்ததும் சுவிட்சை விட்டுவிடலாம். மின்சாரம் தேவைப்படாத, பழுதாகாத அளவுகோல் அது. இரவுப் பறப்புக்கு அது போதாதுதான். அப்போது ரே ஆலன் நிறுவனத்தின் போஸ்-12 நிலையறியும் கருவியைத் தண்டின் கையோடு பிணைத்து, அதே நிறுவனத்தின் சிறு விளக்குக் காட்டியோடோ, விமானத்தில் ஏற்கெனவே இருக்கும் திரையோடோ சேர்க்கலாம். இது வெறுமனே நிலையைக் காட்டும் சாதனமாக மட்டும் இருக்கும்வரை, அது கெட்டாலும் ஃபிளாப்பின் இயக்கத்துக்கு எந்தக் கேடும் வராது. அதனால் இதை மனநிறைவோடு பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது பொருள், இதே சுவிட்சின் ஒரு மாற்று வடிவம்: கீழே தள்ளும்போது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், மேலே தள்ளினால் அங்கேயே நின்றுவிடும். செஸ்னா நிறுவனம் 1965ஆம் ஆண்டின் 172எஃப் மாதிரியில் கைநெம்புகோலை நீக்கி மின்சார ஃபிளாப்பைக் கொண்டுவந்தது. பின்னாளில் கோணத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் நெம்பு வந்தது. அவற்றில் பழகிய பலருக்கு, விட்டுவிட்டால் தானே முழுவதும் ஏறிவிடும் சுவிட்ச் மிகவும் பிடித்துப்போகிறது. இறங்கியவுடன் மீண்டும் கிளம்பும் பயிற்சியின்போது ஒரு கை ஸ்டிக்கிலும் (விமானத்தைத் திருப்பும் கோல்) மறு கை த்ராட்டிலிலும் (எஞ்சின் விசைக் கட்டுப்பாடு) இருக்க, ஃபிளாப் சுவிட்சைத் தட்டிவிட்டு மறந்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. இருப்பினும் இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால் ஒழிய இதை வாங்க வேண்டாம் என்பேன்.

முதல் நிபந்தனை ஆக்சுவேட்டரைச் சார்ந்தது. பயணத்தின் கடைசியில் மோட்டார் சுமையின்றிச் சுழலும்படியோ, எல்லை சுவிட்சால் மின்சாரம் துண்டிக்கப்படும்படியோ அது அமைந்திருக்க வேண்டும். இல்லையென்றால், மேலே நின்றுவிட்ட சுவிட்ச் வழியாக மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்க, மோட்டார் முட்டி நின்று, சூடேறிக்கொண்டே போகும். நாமே எல்லை சுவிட்சுகளைப் பொருத்துவதாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பொருள்) வைக்க வேண்டும். ஃபிளாப் மேலெல்லையைத் தொட்டதும் சுவிட்ச் திறந்து மேலேற்றும் மின்சாரத்தை நிறுத்தும்; கீழிறக்கும் மின்சாரம் எதிர்த்திசையில் பாய்வதால் டயோடு அதற்கு வழிவிடும். டயோடை விட்டுவிட்டால் மேலே போன ஃபிளாப் அங்கேயே சிறைப்பட்டுவிடும். மோட்டாரின் முழு மின்சாரத்தையும், முட்டி நிற்கும் நொடியின் மின்சாரத்தையும் தாங்கும் டயோடாக அது இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டாவது நிபந்தனை விமானியைச் சார்ந்தது. தரையிறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் மேலேறும்போது, முழு ஃபிளாப்பை ஒரே மூச்சில் ஏற்றினால் இறக்கையின் தூக்குவிசை குறைந்து விமானம் அமிழும். பாதிவரை ஏற்றி, வேகம் கூடியதும் மீதியை ஏற்றுவதே முறை. மேலே நின்றுவிடும் சுவிட்சில் பாதியில் நிறுத்த வேண்டுமானால் மீண்டும் கையைக் கொண்டுபோய் நடுவுக்கு இழுக்க வேண்டும். பதற்றமான அந்த நேரத்தில் அது நடக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும் என்ற முதல் வகைச் சுவிட்ச், விமானியின் கை எங்கே அவசரமாகத் தேவைப்பட்டாலும் ஃபிளாப்பை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போகவிடுகிறது. என் விமானத்தில் முதல் வகையே இருக்கிறது.

மூன்றாவது, ரிலே இணை. ஸ்டிக்கின் தலையில் உள்ள சிறு பொத்தானாலேயே ஃபிளாப்பை இயக்க விரும்புவோருக்கு இது தேவைப்படுகிறது. அந்தப் பொத்தான்கள் மிகச் சிறு மின்சாரத்தையே தாங்கும். மோட்டாரின் மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் தொடுமுனைகள் விரைவில் தீய்ந்துபோகும். கார்களில் காணப்படும் கனசதுர ரிலேக்கள் இரண்டு போதும். அவற்றின் முனை எண்கள் எங்கும் ஒன்றே: 85, 86 சுருளுக்கு; 30 பொதுமுனை; 87 சுருள் இயங்கும்போது சேர்வது; 87ஏ ஓய்வில் சேர்ந்திருப்பது. இரு ரிலேக்களின் 30ஆம் முனைகளை மோட்டாரின் இரு வயர்களுக்கும், 87ஐ பிரேக்கரை (மின்சாரம் மிகுந்தால் சுற்றைத் துண்டிக்கும் காப்பு சுவிட்ச்) கடந்து வரும் நேர்முனைக்கும், 87ஏவைத் தரைக்கும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. எந்தப் பொத்தானும் அழுத்தப்படாதபோது மோட்டாரின் இரு முனைகளும் தரையில் சேர்ந்திருக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு முனை மட்டும் நேர்முனைக்குத் தாவுகிறது. இரண்டையும் ஒருசேர அழுத்தினால் இரு முனைகளும் நேர்முனையில் சேர, மோட்டார் சும்மா நிற்கிறது, எதுவும் எரியாது.

இதில் கூடுதலாக ஒரு நன்மை கிடைக்கிறது. பொத்தானை விட்ட நொடியில் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தானே உண்டாக்கும் மின்சாரம் அதையே தடுத்து நிறுத்துகிறது. டாகிள் சுவிட்சில் விட்ட பிறகும் ஃபிளாப் சற்று நழுவிப்போய் நிற்கும். ரிலே இணையில் விட்ட இடத்திலேயே நிற்கிறது. மேசைமேல் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியபோது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. ஒவ்வொரு சுருளின் குறுக்கேயும் 1என்4001 முதல் 4007 வரையிலான டயோடு ஒன்றை வைத்தால், சுருள் அணையும்போது எழும் மின்னழுத்த வீச்சிலிருந்து ஸ்டிக் பொத்தான் காப்பாற்றப்படும்.

இவ்வளவு நன்றாக வேலை செய்தும் ரிலே இணையை நான் இரண்டாம் இடத்தில்தான் வைக்கிறேன். ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால், பொத்தானை விட்ட பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வகைச் சுவிட்சில் நெம்பு நடுவுக்குத் திரும்பும் விசையே தொடுமுனைகளைப் பிரிக்க உதவுகிறது. அதைவிட முக்கியமானது பொத்தான் இருக்கும் இடம். ஸ்டிக்கின் தலையில் ஏற்கெனவே டிரிம் (ஸ்டிக்கை அழுத்திப் பிடிக்காமலேயே விமானத்தைச் சமநிலையில் நிறுத்தும் அமைப்பு), ரேடியோ, தானியங்கி விமானியைத் துண்டிக்கும் பொத்தான் என்று பல இருக்க, பறப்பின் நடுவே கட்டைவிரல் தவறான பொத்தானில் படுவது எளிது. பயணியின் பக்கத்து ஸ்டிக்கிலும் அதே பொத்தானை இணைத்திருந்தால், மணிக்கு 180 மைலில் விருந்தினர் ஒருவர் ஆர்வத்தோடு அதை அழுத்திப் பார்ப்பதைத் தடுக்க எதுவுமில்லை. ஆர்.வி.-8 போல ஒருவர் பின் ஒருவராக அமரும் விமானத்தில், பின்னிருக்கையிலிருந்தும் பறக்கக் கற்றுத்தர வேண்டியிருந்தால் ரிலே இணைக்குக் காரணம் இருக்கிறது. அருகருகே அமரும் ஆர்.வி.-7இல், த்ராட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே சுவிட்சை இருவரும் எட்டிவிடலாம். அப்படியும் ஸ்டிக் பொத்தான் வேண்டும் என்போர், வேக வரம்பைத் தாண்டினால் சுருளுக்கு மின்சாரம் போகாதபடி ஒரு காற்றழுத்த வேக சுவிட்சை இடையில் வைப்பது நல்லது; பயணியின் பொத்தானைத் துண்டிக்க ஒரு தனி சுவிட்சும் வேண்டும்.

எந்த வகையை வாங்கினாலும் பிரேக்கரைப் பற்றி ஒரு சொல். பல கட்டுமானங்களில் எல்லாச் சுற்றுகளையும் கார்களில் உள்ளதுபோல் தகட்டு ஃபியூஸ் பலகையில் சேர்த்து, அதை எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான சுற்றுகளுக்கு அது தகும். தானே ஓடக்கூடிய ஃபிளாப் மோட்டாருக்கும் டிரிம் மோட்டாருக்கும் மட்டும், விமானிக்கு முன்னுள்ள கருவிப் பலகையில் கைக்கெட்டும் இடத்தில், விரலால் பிடித்து இழுத்துத் துண்டிக்கக்கூடிய பிரேக்கர் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதன் அளவு மோட்டாரைக் காக்க அல்ல, வயரைக் காக்க. அமெரிக்க விமான நிர்வாகத்தின் பழுதுபார்ப்பு வழிகாட்டி 22 கேஜ் (தடிமன் அளவு) வயருக்கு 5, 20 கேஜுக்கு 7.5, 18 கேஜுக்கு 10 ஆம்பியர் பிரேக்கர் என்று அட்டவணை தருகிறது. மோட்டார் தயாரிப்பாளர் சொல்லும் அளவைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் வயரை இந்த அட்டவணையில் தேர்ந்தெடுத்தால் குழப்பமில்லை.

நான்காவது, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். டி.சி.டபிள்யூ. டெக்னாலஜிஸ் போன்ற நிறுவனங்கள் ஃபிளாப்புக்கென்றே தனிப் பெட்டி விற்றிருக்கின்றன. கார்மின் நிறுவனத்தின் ஜி3எக்ஸ் திரைத் தொகுப்பை வாங்குவோருக்கு ஜி.ஏ.டி. 27 என்ற துணைக்கருவி ஃபிளாப்பையும் டிரிமையும் விளக்குகளையும் சேர்த்துக் கவனித்துக்கொள்கிறது. இவற்றின் அடிப்படை ஒன்றே: ஆக்சுவேட்டரோடு பிணைத்த நிலையறியும் கருவி கோணத்தைச் சொல்ல, சுவிட்சை ஒருமுறை தட்டினால் அடுத்த குறிப்பிட்ட நிலைவரை சென்று நிற்கும். வேகத்தை அறியும் தொகுப்போடு இணைந்தவை, வரம்புக்கு மேலே ஃபிளாப்பை இறக்க மறுக்கவும் செய்யும். இது உண்மையான பயன். மேலே நான் முதல் ஆபத்தாகச் சொன்னதில் ஒரு பகுதியை, அதாவது விமானியின் கை தவறி அழுத்துவதை, இவை நேராகத் தடுக்கின்றன.

ஆனால் இப்போது நிலையறியும் கருவி, முதல் வகையில் இருந்ததைப் போல் வெறும் காட்டியாக இல்லாமல், மோட்டாரை ஓட்டும் சங்கிலியின் ஒரு கண்ணியாகிவிடுகிறது. அதைப் பிணைக்கும் மெல்லிய கம்பி கழன்றுவிட்டால், ஃபிளாப் நகர்ந்தாலும் பெட்டிக்கு அது நகராதது போலவே தோன்றும். அப்போது பெட்டி என்ன செய்யும்? மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்குமா, சில நொடியில் சந்தேகம் கொண்டு நிறுத்துமா, அதன்பின் விமானி கையால் இயக்க வழி விடுமா? வாங்கும் முன் இந்தக் கேள்விக்கு நிறுவல் கையேட்டில் எழுத்து வடிவில் விடை தேடுங்கள். விடை இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். பறக்கும்போது திரைத் தொகுப்பு முழுவதும் அணைந்துவிட்டால் ஃபிளாப் என்னாகும் என்பது அடுத்த கேள்வி. நல்ல கருவிகள் இரண்டுக்கும் தெளிவான விடை வைத்திருக்கின்றன.

ஆர்.வி.-10 போன்ற விமானத்துக்கு இத்தகைய பெட்டி தகுந்த செலவு என்றே நினைக்கிறேன். அங்கே வேகமான பயணப் பறப்பின்போது ஃபிளாப் நேர்கோட்டுக்கும் மூன்று பாகை மேலே தூக்கி வைக்கப்படுகிறது. அதிலிருந்து நேர்நிலை, பாதி, முழு என்று பல நிலைகளைக் கண்ணால் பார்த்து நிறுத்துவது சலிப்பான வேலை. நான்கு பேரோடு பறக்கும் விமானியின் கவனமும் பல பக்கம் சிதறியிருக்கும். பாதி, முழு என்று இரண்டே நிலைகளை நாடும் ஆர்.வி.-7இல், அதே பணத்தைப் பயிற்சிக்கோ எரிபொருளுக்கோ செலவிடுவேன். திரைத் தொகுப்போடு அந்தக் கருவி ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் பயன்படுத்தலாம். ஃபிளாப்புக்காக மட்டும் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மோட்டார் இல்லாத வழியையும் சொல்லாமல் விட முடியாது. ஆர்.வி.-4இல் கைநெம்புகோலே இருக்கிறது, ஆர்.வி.-6ஐக் கட்டியவர்கள் கையா, மின்சாரமா என்று தேர்ந்தெடுத்தார்கள். நெம்புகோலில் ஃபிளாப் ஒரு நொடியில் இறங்கும், கோணம் கைக்கே தெரியும், பாட்டரி செத்துப்போனாலும் வேலை செய்யும். காற்றின் அழுத்தம் கையில் தெரிவதால், வேகம் அதிகமாக இருக்கும்போது நெம்புகோலே எதிர்த்து எச்சரிக்கும். இருக்கைகளுக்கு நடுவே அது அடைத்துக்கொள்ளும் இடமும், இழுக்க வேண்டிய வலுவும்தான் குறைகள். தோள்வலி இல்லாத, குட்டையான ஓடுபாதைகளை விரும்பிப் பறக்கும் ஒருவர் பாதி கட்டிய பழைய ஆர்.வி.-6 ஒன்றை நெம்புகோலோடு வாங்கினால், அதை மின்சாரத்துக்கு மாற்ற வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

இனி, கட்டுப்பாடு எதுவானாலும் கட்டுபவரின் கையில் முடியும் இரண்டு வேலைகள். முதலாவது ஆக்சுவேட்டர் தண்டின் முனையில் உள்ள உருளைத்தலை. தண்டு திருகாணி இழையால் அந்தத் தலையோடு சேர்கிறது. ஒரு பூட்டு நட் அதை இறுக்குகிறது. மோட்டார் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தண்டும் சுழல முயல்கிறது. பூட்டு நட் தளர்ந்தால், ஒவ்வொரு தரையிறக்கத்திலும் இழை சிறிது சிறிதாகக் கழன்று, ஒருநாள் தண்டு தலையிலிருந்து முழுவதும் பிரிந்துவிடும். அப்போது ஃபிளாப்பைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. தண்டிலும் தலையிலும் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை முறுக்கிக் கட்டிவிடுவது, ஆர்.வி. கட்டுபவர்கள் நன்கறிந்த, பல ஆண்டுகளாகச் செய்துவரும் பாதுகாப்பு. நட்டும் தலையும் சேரும் இடத்தில் குறுக்காகச் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டால், ஆண்டுச் சோதனையில் மூடியைக் கழற்றியதும் அது நகர்ந்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். எத்தனை விலையுயர்ந்த பெட்டியும் இந்தக் கம்பி அறுந்ததை அறியாது.

இரண்டாவது, தரையிலேயே சுமை வைத்துச் சோதிப்பது. காற்றில்லாத கொட்டகையில் ஃபிளாப் எந்தத் தடையுமின்றி இறங்கும். அதை வைத்துச் சுவிட்சையோ வயரையோ எடைபோட முடியாது. ஒருவர் இறக்கைக்குப் பின்னே நின்று, இரு உள்ளங்கைகளையும் ஃபிளாப்பின் அடியில், உள்ளே விலா (தகட்டைத் தாங்கும் உட்சட்டம்) இருக்கும் இடத்தில் வைத்து மேல்நோக்கி அழுத்தட்டும். மற்றொருவர் உள்ளிருந்து சுவிட்சைப் பிடிக்கட்டும். மோட்டாரின் ஓசை தாழ்ந்து கனப்பதைக் கேட்கலாம். வயரைச் சுற்றிக் கவ்வும் அம்மீட்டரில் ஆம்பியர் ஏறுவதைப் பார்க்கலாம். மோட்டார் முனையில் வோல்ட்மீட்டரை வைத்தால், சுவிட்சிலும் இணைப்புகளிலும் எவ்வளவு மின்னழுத்தம் வீணாகிறது என்பதும் தெரியும். முனைகளைச் சரியான கருவியால் நெரிக்காமல் குறடால் நசுக்கியிருந்தால், அந்த இழப்பு இங்கேதான் வெளிப்படும். ஃபிளாப் தகட்டை விரலால் குத்தாமல் விலாவின்மேல் மட்டும் அழுத்த வேண்டும் என்பதை உதவுபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆக, பகலில் பறக்கும் எளிய ஆர்.வி.-7க்கு என் தேர்வு: இருபுறமும் பிடித்தால் மட்டும் ஓடும் முழு அளவு டாகிள் சுவிட்ச், கைக்கெட்டும் பிரேக்கர், ஃபிளாப்பின்மேல் ஒரு கோடு. சுவிட்சை த்ராட்டிலுக்கு வலப்புறம், விளக்கு சுவிட்சுகளின் வரிசையிலிருந்து விலக்கித் தனியாக வைக்க வேண்டும். 2017இல் திருத்தப்படும் முன்பு 23ஆம் பகுதியின் 781ஆம் பிரிவு, ஃபிளாப் நெம்பின் தலை இறக்கையின் குறுக்குவெட்டு வடிவிலும், சக்கர நெம்பின் தலை சக்கர வடிவிலும் இருக்க வேண்டும் என்று படம் போட்டே கூறியிருந்தது. பார்க்காமலேயே விரல் அடையாளம் காண வேண்டும் என்பதே நோக்கம். தட்டையான அலுமினியத் துண்டு ஒன்றை அரத்தால் அந்த வடிவுக்குத் தேய்த்து நெம்பின்மேல் பொருத்த ஒரு மாலைப்பொழுது போதும். முதல் சோதனைப் பறப்புகளின்போது, பாதுகாப்பான உயரத்தில், 100 மைலுக்குக் கீழே வேகத்தை வைத்துக்கொண்டு, ஃபிளாப் ஓடிக்கொண்டிருக்கையில் பிரேக்கரை இழுத்து அது நிற்கிறதா என்றும் ஒருமுறை பார்த்து, பறப்புக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.